பெட்டி தயார்; பிள்ளை தயாரா?

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் காலம் வந்தால் நம்மவர் வீடுகளில் ஒரு பரபரப்பைக் காணலாம். புதிய பெட்டி வருகிறது. வாளி, தலையணை, போர்வை, இஸ்திரிப் பெட்டி, ஊறுகாய்ப் புட்டி, முறுக்கு டின் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கப்பட்டுக் கூடத்தில் குவிகின்றன. நல்ல நாளும் நல்ல நேரமும் பார்க்கப்படுகின்றன. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. உற்றார் உறவினருக்கு விருந்தும் நடக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகு, தாயும் தந்தையும் அத்தையும் மாமனும் ஒரே வண்டியில் ஏறிச் சென்று, பிள்ளையை விடுதி வாசலில் இறக்கிவிட்டுக் கண்ணீரோடு திரும்புகிறார்கள். கல்லூரி வாழ்க்கைக்கு வேண்டிய சகலத்தையும் செய்து முடித்துவிட்டதாக அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள்.

தயாரானது பெட்டி. பிள்ளை தயாராகிவிட்டானா என்று அந்த வண்டியில் சென்றவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். இதில் சொல்லப்போவது பெற்றோர் பலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

கீழ்ப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான். ஆங்கில வழியில் படித்தவன் என்பதாலும், ஆபீசில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதாலும், தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் எந்தப் பிள்ளை மேற்படிப்புக்குப் போவதானாலும் விண்ணப்பம் என் மேசைக்கே வரும். தகப்பனார் உள்ளே வந்து என் எதிரில் உட்காருவார். மகன் வெளியே மோட்டார் சைக்கிளின்மீது சாய்ந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "எந்தப் பாடம் படிக்க விருப்பம்?" என்று அவனை அழைத்துக் கேட்டால், அவன் தகப்பனார் முகத்தைப் பார்ப்பான். தகப்பனார் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு சொல்லுவார்: "தம்பி, நீங்களே பார்த்து எழுதிவிடுங்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவையேனும் அதை எவரும் வெட்கத்தோடு சொல்லக் கேட்டதில்லை. பிள்ளையை அவ்வளவு செல்லமாக, ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவிடாமல் வளர்த்திருக்கிறோம் என்ற பெருமையே அதில் தொனிக்கும்.

நடந்த ஒரு சங்கதி

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் உரம் போடும் வேலைக்காரி. ஒரே மகன், கெட்டிக்காரன். எஸ்.டி.பி.எம். பரீட்சையில் நன்றாகத் தேறினான். விண்ணப்பம், விடுதிப் பாரம், கல்விக் கடன் பத்திரம் ஆகிய எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். அவனுடைய கடவுச்சொல்கூட என் குறிப்புப் புத்தகத்தில்தான் இருந்தது. தோட்டமே கூடி வழியனுப்ப, அவன் வடக்கே ஒரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தான். ஏழாவது வாரம் வீடு திரும்பினான். மறுபடி போகவில்லை.

பாடம் அவனைத் தோற்கடிக்கவில்லை. ஐந்தாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கல்லூரிக்குள்ளேயே வைத்திய நிலையம் இருந்தும், அங்கே போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நான்கு நாள் படுக்கையில் கிடந்தான். அவன் தாயாருக்குச் சொன்னான். தாயார் தகப்பனாருக்குச் சொன்னார். தகப்பனார் என்னிடம் ஓடிவந்தார். நான் விடுதிக்குத் தொலைபேசி செய்தேன். நூறு கெஜத்திலிருந்த வைத்தியருக்கு அவனுடைய காய்ச்சல் நூற்றைம்பது மைல் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது! காய்ச்சலில் ஒரு பரீட்சை தவறியது. வைத்தியரின் சான்றைக் காட்டி மறுபரீட்சை கேட்கலாம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டி அவன் கேட்டிருக்கமாட்டான். கடனாக வந்த பணமோ, வாழ்நாளில் 50 வெள்ளியைச் சேர்ந்தாற்போலக் கையாண்டறியாத அவன் கையில் ஐந்து வாரம்கூடத் தங்கவில்லை. வெட்கத்தால் எவரிடமும் சொல்லாமல், படிப்பை முறைப்படி ஒத்திவைக்கவும் செய்யாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

படிப்பு வரவில்லை, கடன் மட்டும் வந்தது. இன்று அவன் பக்கத்துப் பட்டணத்தில் லாரிக்குச் சாமான் ஏற்றுகிறான். அவ்வேலை கேவலமானதன்று, ஆனால் அவன் தேர்ந்துகொண்ட வேலையும் அன்று. அவனைத் தோற்கடித்தவர்கள் யார் என்று பலநாள் யோசித்தேன். முதலாவது பெற்றோர். இரண்டாவது, எல்லாப் பாரங்களையும் அவனுக்காக நிரப்பிக் கொடுத்த இந்தக் கிராணி. என் பங்கை மறைத்துவிட்டுப் பிறருக்குப் புத்தி சொல்ல வரவில்லை.

வீட்டுக்குள் ஒரு பெரட்டு

நம் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். பின் ஏன் இப்படி நேருகிறது? இதன் வேர் நம்முடைய பழைய வாழ்க்கையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத்தில் நம் முன்னோர் வாழ்ந்த விதத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் மணியடித்து எழுப்பினார்கள். பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். இன்ன நிரையில் இன்ன வேலை என்று கங்காணி சொன்னார். நோய் கண்டால் டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடச் சொன்னார்கள், விட்டார்கள். கடையில் சாமான் கடனுக்கு வந்தது, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. துரையிடம் பேசவேண்டியதைக் கங்காணியும் கிராணியுமே பேசினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிந்தது. கங்காணிகள் ஆள்கட்டி வந்த வழியும் 1938ல் இந்திய சர்க்காரின் தடையால் அடைபட்டது. முறைகள் ஒழிந்தன, பழக்கம் ஒழியவில்லை. எழுப்புபவர் ஒருவர், பேசுபவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், நமக்குள்ளதெல்லாம் நிரையில் நின்று உழைப்பது மட்டுமே என்ற மனோபாவம் தலைமுறைகளாக ஊறிவிட்டது.

அந்த முறையை நாம் ஏசுகிறோம், ஏசத்தான் வேண்டும். ஆனால் அதே பெரட்டை இன்று நம் வீட்டுக்குள் நடத்துகிறோம். காலையில் பிள்ளையை எழுப்புவது தாய். சட்டைக்கு இஸ்திரி போடுவது தாய். தட்டைக் கழுவுவது தாய். பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது தகப்பன். ஆசிரியரிடம் பேசுவது தகப்பன். பாரம் நிரப்புவது கிராணி. பிள்ளையின் வேலை ஒன்றே: புத்தகத்தின்முன் உட்கார்ந்திருப்பது. கங்காணி தடியைக் காட்டிச் செய்ததை நாம் அன்பைக் காட்டிச் செய்கிறோம். முடிவு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது: தானாக ஒன்றையும் தீர்மானிக்கத் தெரியாத மனிதன் உண்டாகிறான்.

பட்டணத்துத் தமிழர் இதைப் படித்துவிட்டு, "இது தோட்டத்தார் சமாசாரம்" என்று தள்ளிவிட வேண்டாம். மகனை ஒரு டியூஷனிலிருந்து இன்னொரு டியூஷனுக்குக் காரில் ஏற்றிச் செல்வதும், பதினேழு வயதுப் பையனின் புத்தகப் பையைத் தாய் சுமப்பதும் பட்டணங்களில்தாம் மிகுதி. அங்கே மணிக்குப் பதில் கார் ஹாரன் ஒலிக்கிறது, வேறு பேதமில்லை.

கல்லூரியிலோ பெரட்டு இல்லை. காலையில் எவரும் கதவைத் தட்டி எழுப்புவதில்லை; ஆனால் வருகை குறைந்தவனைப் பெரும்பாலான கல்லூரிகள் பரீட்சை எழுதவிடுவதில்லை. பணத்தை நாளுக்கு நாள் எவரும் அளந்து கொடுப்பதில்லை. புரியாததைத் தானே சென்று கேட்கவேண்டும். பதினெட்டு ஆண்டு ஏவலிலேயே வளர்ந்தவன், ஏவுவார் இல்லாத இடத்தில் திடீரென்று என்ன செய்வான்? திகைப்பான், அல்லது எவன் முதலில் ஏவுகிறானோ அவன் பின்னால் போவான். கெட்ட சகவாசம் என்று நாம் பிற்பாடு அழுகிறோமே, அதற்குப் பாதி விதை நம் வீட்டில் விதைத்ததுதான்.

சட்டம் நம்பும் பிள்ளையை நாம் நம்பவில்லை

இந்நாட்டில் 12 வயதிலேயே பிள்ளைக்கு அடையாள அட்டை தரப்படுகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் மேஜர். 2019ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதினருக்கு வாக்குரிமையும் வந்துவிட்டது. பெயர் பதிந்துகொள்ளக்கூட அவர் அலைய வேண்டியதில்லை. 1997ல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவரும் மாணவரே; திருப்பிக் கட்டவேண்டியவரும் அவரே.

நாட்டை ஆள்பவர் யார் என்று முடிவு செய்ய இவனால் முடியும் என்று சட்டம் சொல்கிறது. தன் சட்டையைத் துவைக்க இவனால் முடியாது என்று தாய் சொல்கிறாள். பல்லாயிரம் வெள்ளிக் கடனுக்கு இவன் பொறுப்பாளி என்று பத்திரம் சொல்கிறது. அப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் படிக்கவேண்டியதில்லை என்று தகப்பன் சொல்கிறார். இதைவிட விபரீதம் வேறு உண்டா?

பையனுக்கு அடுப்பு தெரியாது. பெண்ணுக்கு வீதி தெரியாது

இந்தக் குற்றம் ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் செய்யப்படுகிறது. பையன் அடுப்பங்கரைக்குள் வந்தால், "ஆம்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை?" என்று விரட்டுகிறோம். பெண்ணுக்கோ எட்டு வயதிலேயே விளக்குமாறு வந்துவிடுகிறது. ஆனால் பதினெட்டு வயதிலும் தனியாகப் பஸ் ஏற அனுமதி வருவதில்லை. ஒருவர் கை பழகவில்லை. மற்றவர் கால் பழகவில்லை. இருவரும் அரை மனிதராகவே விடுதிக்குப் போகிறார்கள்.

பெண் விஷயத்தில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. பல்கலைக்கழக இடம் நாம் கேட்ட ஊரிலேயே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. கோத்தா கினபாலுவிலும் கிடைக்கலாம். சரவாக்கிலுள்ள கோத்தா சமரஹானிலும் கிடைக்கலாம். கிடைத்தவுடன், "கடல் கடந்தா? பெண் பிள்ளையா? வேண்டாம்" என்று இடத்தையே உதறிவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். இவர்களைக் கேட்கிறேன்: உங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டி இந்நாட்டுக்கு எப்படி வந்தாள்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, இடுப்பில் குழந்தையோடு பினாங்கில் இறங்கினாள் அல்லவா? எழுத்தறியாத அவள் வங்கக் கடலையே கடந்தாள். படித்த அவளுடைய பேத்தியின் மகள் ஏறக்குறைய இரண்டரை மணி நேர விமானப் பிரயாணம் செய்யக்கூடாதா? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகமாகப் படிக்கிறார்கள். மற்றவர் வீட்டுப் பெண்கள் போன வழியில் நம் வீட்டுப் பெண் போனால் மானம் போகும் என்பது பாதுகாப்பன்று, மூட நம்பிக்கை. பாதுகாப்பு வேண்டுமானால் வழி கற்பியுங்கள், வழியை அடைக்காதீர்கள்.

சிலர் கூறும் ஆட்சேபங்கள்

"நாங்கள் பட்ட கஷ்டம் எங்கள் பிள்ளை படக்கூடாது" என்பது முதல் ஆட்சேபம். கண்ணீரோடு சொல்லப்படுவதால் இதை மறுப்பது கடினம். ஆயினும் கஷ்டம் வேறு, பழக்கம் வேறு. மழையில் முள்ளுக் குலையைச் சுமப்பது கஷ்டம். அதைப் பிள்ளை படவேண்டாம். தான் உண்ட தட்டைத் தான் கழுவுவது கஷ்டமன்று. அதையும் கஷ்டமென்று கற்பித்தால், உங்கள் உழைப்பையே இழிவென்று அவனுக்குக் கற்பிக்கிறீர்கள். அப்படிக் கற்றவன் நாளை உங்களையே பார்த்து வெட்கப்படுவான்.

"படிப்புக்கே நேரம் போதவில்லையே" என்பது இரண்டாவது. கைப்பேசிக்கு நேரம் போதுகிறதல்லவா? நாளொன்றுக்கு அரைமணி போதும். அதனால் பரீட்சையில் தவறியவன் எவனும் இல்லை.

"போனபின் தானாகக் கற்றுக்கொள்வான்" என்பது மூன்றாவது. சிலர் கற்றுக்கொள்கிறார்கள் என்பது மெய். தண்ணீரில் தள்ளினால் சிலர் நீந்திக் கரையேறவும் செய்வார்கள். அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஆற்றில் தள்ளுவதா? பணக்காரன் வீட்டுப் பிள்ளை ஒரு வருஷத்தை இழந்தால் மறுவருஷம் வேறு கல்லூரிக்குப் போவான். குலைவெட்டியின் மகனுக்கு மறுவருஷம் என்பது இல்லை. ஆகவே இந்தப் பயிற்சி மற்றவர்களைவிட நமக்கே அதிகம் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது நியாயமன்று. இது பதினேழாம் வயதில் அவசர அவசரமாகத் தொடங்கும் காரியமும் அன்று.

பத்து வயதுக்குள் ஆணாயினும் பெண்ணாயினும் தன் தட்டு, தன் காலணி, தன் படுக்கை ஆகியவற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மணிப்பொறி வைத்துத் தானே எழும்ப வேண்டும். ஒருநாள் எழும்பாமல் பள்ளிக்குத் தாமதமானால், அந்தத் திட்டைத் தானே வாங்கட்டும். பன்னிரண்டு பதின்மூன்றில், சாமான் ஜாபிதாவோடு கடைக்குப் போய், மீதிப் பணத்தையும் கணக்கையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பதினைந்துக்குள் சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, தன் துணிகளைத் துவைக்கத் தெரியவேண்டும். தனியாகப் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய்வரத் தெரியவேண்டும்.

வைத்தியரிடம் பேசுவதைத் தனியாகச் சொல்லவேண்டும். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது, எத்தனை நாளாகக் காய்ச்சல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் வாய்மூடி உட்காருங்கள். டெங்கிக் காய்ச்சல் மலிந்த நாடு இது. இரண்டு நாளுக்குமேல் காய்ச்சல் நீடித்தால் இரத்தம் சோதிக்கப் போகவேண்டும், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தானாக விழுங்கக் கூடாது என்ற அறிவு, பெட்டியில் வைக்கும் தைலப் புட்டியைவிட மேலானது.

பணத்தைப் பழக்குவது அதனினும் முக்கியம். பதினாறு வயதில், ஒரு மாதக் கைச்செலவை மொத்தமாகக் கொடுங்கள். பத்தாம் தேதியே தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு கொடுக்காதீர்கள். வீட்டில் பசியாறச் சோறு இருக்கிறது, பட்டினி கிடக்கமாட்டான். ஆனால் அந்த இருபது நாளில் கற்கும் பாடத்தை எந்தக் கல்லூரியும் கற்பிக்காது. 555 நோட்டில் வீட்டுக் கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள், மறைக்காதீர்கள். இன்னொன்று: "உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில நாள் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று மாணவரை வளைக்கும் மோசக்காரர்கள் உண்டு. திருட்டுப் பணம் அக்கணக்கின் வழியாக ஓடும். போலீஸ் வருவது கணக்குக்காரனைத் தேடித்தான். கணக்கை இரவல் கொடுப்பது குற்றம் என்பதையும், பண மோசடிக்கு ஆளானால் உடனே 997 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பதையும் பிள்ளை மனப்பாடமாக அறியவேண்டும்.

கடைசியாக, பேச்சு. ஆசிரியரிடம், பாங்கியில், போஸ்டாபீசில், சர்க்கார் ஆபீசில் மலாயிலும் ஆங்கிலத்திலும் தன் காரியத்தைத் தானே நிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள். தவறாகப் பேசினால் பேசட்டும். பக்கத்திலிருந்து நீங்கள் சிரிக்காமலிருந்தாலே போதும். போனபின் நாளுக்கு ஐந்து தடவை தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று பெரட்டு எடுக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை பேசுங்கள், பேசும்போது, "என்ன செய்தாய்?" என்று விசாரிப்பதோடு, "என்ன செய்யப்போகிறாய்?" என்றும் கேளுங்கள். அதேசமயம், எந்தத் தோல்வி நேர்ந்தாலும் மறைக்காமல் வீட்டுக்குச் சொல்லலாம் என்ற தைரியத்தைப் போகுமுன்பே கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பையன் பணத்தை இழந்ததைவிட, இழந்ததைச் சொல்லப் பயந்ததே அவனை வீழ்த்தியது.

நிற்க. நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை முடிவு வந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மாலையும் பொன்னாடையும் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் கோயில் நிர்வாகங்களும் இருக்கின்றன. பொன்னாடைச் செலவில் பாதியை எடுத்து, விடுமுறையில் ஒரு வாரம், கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளைக் கூட்டி, ஏற்கெனவே போய்வந்த அண்ணன் அக்காமாரைக் கொண்டு இவற்றைக் கற்பித்தால் என்ன? கடன் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினால் என்ன? இதற்கு மண்டபம் வேண்டாம், பிரமுகர் வேண்டாம். பள்ளிக்கூடத்து வாங்கு போதும்.

என்னளவில் ஒரு தீர்மானம் செய்திருக்கிறேன். இனி எந்தப் பிள்ளைக்கும் நான் பாரம் நிரப்பமாட்டேன். பிள்ளை என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து தானே எழுதவேண்டும், நான் சரிபார்ப்பேன். தகப்பனார் வராந்தாவில் இருக்கலாம். இதனால் சிலர் என்னைக் கர்வி என்று பேசுவதும் காதில் விழுந்தது. ஆனால் சென்ற தடவை ஒரு பெண் வந்து, இரண்டு இடத்தில் பிழைவிட்டு, தானே திருத்தி, தன் கடவுச்சொல்லைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, "நன்றி அண்ணே, இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் போனாள். அவளுடைய பெட்டியில் என்னென்ன இருந்தனவோ நான் அறியேன். அவள் தயார் என்பதை மட்டும் அறிவேன்.

பெற்றோர்களே! உங்கள் மேசைக்கு அடுத்த விண்ணப்பம் வரும் நாளில், "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல வாயெடுக்குமுன் சற்று நில்லுங்கள். தெரியாதிருப்பது அவன் குற்றமா, தெரிவிக்காதிருந்தது உங்கள் குற்றமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பேனாவை அவன் கையில் கொடுங்கள்.